மையக்கா வெளுத்த விதம்

ஒரு பெண்ணின் உடம்பு கெட்டுப்போகும்போதுதான் ஊர் அவளை அழகி என்று ஒப்புக்கொள்ளும் என்றால், அந்த ஊருக்குக் கண் இருக்கிறதா, இல்லையா? மையக்காவின் வாழ்க்கை கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவளாக வாய் திறந்து யாரிடமும் கேட்டதில்லை. வாய் திறப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. நாற்பதை நெருங்கும் வயதில் ஒரே ஒரு முறை திறந்தாள்.

மை என்பது அவள் பெயரல்ல. பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்த பெரியப்பா, "என்னப்பா இது, மைக்கூட்டைக் கவுத்துட்டீங்களா?" என்று கேட்டாராம். வீடே சிரித்தது. சிரிப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது. பெயர் அடங்கவில்லை. அண்ணனுக்கு அவள் மையி, அண்ணன் மகளுக்கு அத்தை, மற்றவர்களுக்கு மையக்கா. வரன் கேட்டு வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். என்னதான் கலந்தார்களோ, ஒருவரும் வந்து சொல்லவில்லை. சில வருடங்களில் வருவதே நின்றது. அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை அவளுக்கு என்றாயிற்று.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, அடுத்தவர்களை வெளுக்க வைப்பது. பிரதான சாலையில் இருந்த ஓர் அழகு நிலையத்தில் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு சேர்ந்தாள். அந்த இடம் இரண்டாகப் பிரிந்தது. முன்பகுதியில் ஆள் உயரக் கண்ணாடிகள், வெள்ளை விளக்குகள், மேடத்தின் மேசை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. பின்னால் தலை அலசும் தொட்டி, மெழுகு உருக்கும் சட்டி, ஈரத்துண்டுகள் போடும் கூடை, மையக்கா.

"நீ முன்னாடி நின்னா நம்ம ஃபேஷியல் மேல யாருக்கு நம்பிக்கை வரும், சொல்லு?" என்று சேர்ந்த முதல் வாரமே மேடம் கேட்டாள். "தப்பா எடுத்துக்காத."

"எடுத்துக்கல மேடம்."

எடுத்துக்கொண்டாள்தான். ஆனால் எடுத்துக்கொண்டதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

அழகு நிலையம் என்றால் வாசனை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவளுக்கு அது கழிவு அள்ளும் வேலை. குதிகாலில் சுரண்டிய தோல் துருவிய மாவாகத் துண்டில் விழும். மூக்கில் அழுத்திப் பிதுக்கியது ஊசிமுனையில் புழுப்போல நெளியும். மெழுகுத் துணியில் ஒட்டிக்கொண்டு வரும் முடி, பிளீச் பொடியைக் குழைக்கும்போது கண்ணைக் கரிக்கும் நெடி, வாயைத் திறந்து தூங்கிப்போகிறவர்களின் மூச்சு. இவற்றையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளுக்குக் குமட்டியது அவர்களுடைய பேச்சுதான். பிளீச் எரிகிறது, கன்னம் சிவந்து தடிக்கிறது, "கழுவிடட்டுமாம்மா?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்ச நேரம் விடு, எரிஞ்சாத்தான் வெளுக்கும்" என்று பல்லைக் கடிப்பார்கள். பெற்ற மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, "இவ அவங்க அப்பா சைடு, என்ன போட்டாலும் தேறாது" என்பார்கள். அந்தப் பெண் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உடம்பு முதலில் மாறியதை மையக்கா கவனிக்கவில்லை. இரண்டு கவளம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிப்போனது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே யாரோ செங்கல்லை வைத்துக் கட்டிவிட்ட மாதிரி ஒரு கனம். விடியும்போது தலையணை நனைந்து கிடந்தது. போட்டிருந்த உடை தொளதொளத்தது. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் படுக்கத் தோன்றியது.

"கேஸ்," என்று மேடம் தீர்ப்புச் சொன்னாள். "எனக்கும்தான் இருக்கு. சோடா குடி, ஏப்பம் விடு, போய்டும்."

மையக்கா சோடா குடித்தாள், ஏப்பம் விட்டாள். போகவில்லை. ஒருநாள் வாடிக்கையாளரின் தலையைத் தொட்டிக்கு மேல் தாங்கிப் பிடித்திருந்தபோது இடது பக்கம் சுருக்கென்று குத்தி, தலையை நழுவவிட்டாள். வாங்கிய திட்டு சாதாரணத் திட்டு அல்ல. மறுநாள் தெருமுனை டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. அங்கே எலும்புக்குள்ளிருந்தும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள்.

ரத்த நோய்ப் பிரிவு டாக்டரம்மா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"ரத்தத்துல வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாம பெருகுது. இது ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை. மெதுவா வளர்ற வகை."

"எத்தனை நாளைக்கும்மா?"

"அந்தக் கணக்கே போடாதீங்க. தினமும் ஒரு மாத்திரை. சாப்பாட்டோட, நிறைய தண்ணியோட. விடாம போட்டீங்கன்னா கிழவியாகி என்னைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. விட்டு விட்டுப் போட்டீங்கன்னா அது முழிச்சுக்கும். அப்புறம் இந்த மாத்திரைக்கு அடங்காது." எழுதிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "காலைல கண்ணுக்குக் கீழ வீங்கும். குமட்டும். சிலருக்குத் தோல் நிறம் வெளுக்கும்."

மையக்கா சிரித்தாள். புற்றுநோய் என்று கேட்டும் அழாதவள் இதற்கு ஏன் சிரிக்கிறாள் என்று டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். மையக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூக்கிலிருந்து வந்தது, கண்ணிலிருந்து வந்தது.

வீட்டில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் மட்டும் சொன்னாள். அண்ணன் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடித்த கையைத் திரும்பக் கழுவினார். அண்ணிதான் பேசினாள்.

"இந்த வார்த்தை நம்ம வாசலைத் தாண்டக் கூடாது மையி. காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும். நமக்கு ஒரு பொண்ணு இருக்கா. நாளைக்கு யாராவது கேட்டு வந்தா, அத்தைக்குப் புத்துன்னு தெரிஞ்சா, வந்த வழியே திரும்பிடுவாங்க."

"பாப்பாவுக்காவது சொல்லலாமே அண்ணி."

"அவளுக்குச் சொன்னா காலேஜுக்கே சொன்ன மாதிரி."

அண்ணியைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. மாத்திரை வெறும் வயிற்றில் இறங்கக் கூடாது என்பதற்காக முன்னதாகவே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். மையக்கா தட்டைத் தள்ளினால், முழுசாய்ச் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றாள். அதே அண்ணிதான் ஆஸ்பத்திரி அட்டைகளைப் பிரித்து, மாத்திரைகளை உதிர்த்து, காலியான ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டு மூடினாள். "யாராவது கேட்டா வைட்டமின்னு சொல்லிடு." அன்பும் மறைப்பும் ஒரே கையிலிருந்து வந்தபோது மையக்காவால் ஒன்றைப் பெற்றுக்கொண்டு இன்னொன்றைத் தள்ள முடியவில்லை.

சில மாதங்களில் வயிற்றுச் செங்கல் கரைந்தது. டாக்டரம்மா முகத்தில் லேசான தெளிவு. கூடவே மையக்கா வெளுக்க ஆரம்பித்தாள். முதலில் கைகள். பிறகு கழுத்து. பிறகு, இருண்ட அறையில் மெல்லத் திரை விலகுவதுபோல, முகம்.

ஊர் உடனே பார்த்துவிட்டது. இத்தனை காலம் அவள் தோளை இடித்துக்கொண்டு நடந்தும் பார்க்காதவர்கள் நின்று பார்த்தார்கள். மளிகைக்கடைக்காரர், "என்னம்மா, வெளிநாடு போய்ட்டு வந்தியா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரி, "கல்யாண யோகம் வந்துடுச்சு போல" என்று கண் சிமிட்டினாள். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். காய்ச்சலில் வியர்த்து, கால் துவண்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன நாட்களில் யாரும் எழுந்ததில்லை.

மேடம் ஒருநாள் திரையை விலக்கிக்கொண்டு வந்து மையக்காவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சந்தையில் பழம் பார்க்கிற பார்வை.

"நாளையிலேருந்து நீ முன்னாடி நில்லு."

அதோடு விடவில்லை. வாசலில் ஒரு பலகை ஏறியது. இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. 'பின்' படத்தில் இப்போதைய மையக்கா. 'முன்' படத்துக்குப் பழைய குரூப் போட்டோவிலிருந்து அவள் முகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அது போதுமான அளவுக்குக் கருப்பாக இல்லை என்று படக்காரரிடம் சொல்லி இன்னும் இருட்டாக்கச் சொன்னாள் மேடம். கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் முத்து ஃபேஷியல்'. அந்த ஃபேஷியலை மையக்கா வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தன் முகத்தில் போட்டதில்லை.

"மேடம், இது அதனால வந்தது இல்லையே."

"அப்ப எதனால?"

மையக்கா வாயை மூடிக்கொண்டாள். மேடம் சிரித்தாள். "அப்படியே இரு. அழகா இருக்க."

கூட்டம் மொய்த்தது. மையக்காவின் கையால்தான் போட வேண்டும் என்று வரிசையில் உட்கார்ந்தார்கள். அதிலும் ஒரு காண்ட்ராக்டரின் மனைவி விடாக்கண்டி. முகத்தில் கலவையோடு படுத்துக்கொண்டு கண்ணைத் திறக்காமலே துருவுவாள்.

"எனக்குக் காது குத்தாத. இந்தக் கிரீம்ல யாரும் இப்படி வெளுக்க மாட்டாங்க. உள்ளுக்கு ஏதோ சாப்பிடற."

"வைட்டமின்தாம்மா."

"என்ன வைட்டமின்? ஏ-யா, பி-யா, இல்ல உன் மாமியார் கொடுத்ததா?"

"எனக்குத்தான் மாமியாரே இல்லையேம்மா."

"அதான் வெளுத்துட்ட!" என்று அவளே சொல்லி அவளே குலுங்கிச் சிரித்தாள். முகத்துக் கலவை விண்டு கழுத்தில் வழிந்தது. மையக்கா பஞ்சால் துடைத்தாள். தன் நோயைத்தான் இவர்கள் முகர்ந்து முகர்ந்து பார்க்கிறார்கள், நாக்கைச் சப்புக்கொட்டுகிறார்கள் என்று தோன்றும்போதெல்லாம் அவளுக்கு மாத்திரையின் குமட்டல் எது, மனசின் குமட்டல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அவளும் தப்பவில்லை. ஒரு காலை, கடை திறக்குமுன் கண்ணாடியைத் துடைத்தவள், கன்னத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று உணர்ந்ததும் துணியைக் கீழே எறிந்துவிட்டுப் பின்னறைக்குப் போய்த் தொட்டியில் முகத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

இதற்கிடையில் மாத்திரை டப்பா மாதக் கடைசிக்கு முன்பே காலியாக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எண்ணிக் கொடுத்தவர் குறைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். போய்க் கேட்கக் கூச்சம். மீதி நாட்களை மாத்திரை இல்லாமல் ஓட்டினாள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த பரிசோதனையில் டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது.

"மாத்திரையை விட்டீங்களா?"

"கொஞ்ச நாளு... தீந்துபோச்சும்மா."

"எண்ணித்தானே குடுக்கறோம், எப்படித் தீரும்? அணு ஏறுதும்மா. இப்படியே இன்னும் ரெண்டு மூணு மாசம் போனா நான் உங்களுக்கு நல்ல சேதி சொல்ல முடியாது. டப்பாவைப் பூட்டி வைங்க. புரியுதா?"

புரிந்தது. யார் எடுக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. வீட்டில் எலிகூடக் கிடையாது. பூட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனவளை மேடத்தின் கும்மாளம் பிடித்துக்கொண்டது.

மாதர் மன்றத்துக்காரர்கள் ரத்தப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள் கொண்டாடப் போகிறார்கள், இடம் நம்முடைய கடை. கொண்டாட என்றுதான் மேடம் சொன்னாள். சிவப்பு பலூன்கள் வந்து இறங்கின. சிவப்பு ரிப்பன்கள், சிவப்பு மேசைவிரிப்பு, சிவப்பு கிரீம் வைத்த பிஸ்கட். பத்திரிகைப் படக்காரருக்கும் சொல்லியாயிற்று. மன்றத் தலைவி முதல் நாளே வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"மேடையில ஒரு பேஷன்ட் இருந்தா எஃபெக்டா இருக்கும்," என்றாள்.

"ஆஸ்பத்திரியில கேக்கலாமே," என்றாள் மேடம்.

"ஐயோ, நிஜமானவங்க வேணாம்ப்பா. பாத்தா மனசு கஷ்டமாயிடும். பங்ஷன் முடிஞ்சு சாப்பாடு வேற இருக்கு." தலைவி கொஞ்சம் யோசித்தாள். "உங்ககிட்ட மேக்கப் இருக்கே. நல்ல லட்சணமான பொண்ணா பாத்து ஒரு பேஷன்ட் பண்ணிடுங்களேன்."

உலகத்தில் வேறு எந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. நோயாளி இல்லையா, நோயாளியைப் பூசிவிடலாம். பூசுகிற வேலை மையக்காவுக்கு. பூசிக்கொள்கிற வேலைக்கு அண்ணன் மகள் பாப்பா முந்திக்கொண்டாள். காலேஜ் படிக்கிறவள், பத்திரிகையில் படம் வரும் என்றால் எதற்கும் தயார்.

விழா அன்று காலை, பாப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, முடியை இறுக்கிக் கட்டி, ரப்பர் மொட்டைத் தொப்பியை மாட்டினாள் மையக்கா. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்ளும் இரைச்சல். தலைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கருப்படி. கேன்சர்னா கருத்துச் சுண்டிப்போக வேணாமா? இவ பளபளன்னு இருக்கா."

மையக்கா கருநிறப் பூச்சைத் தேடினாள். அந்தக் கடையில் அவளுடைய பழைய நிறத்தில் ஒரு பூச்சும் கிடையாது. கண்மையையும் பழுப்புப் பொடியையும் உள்ளங்கையில் குழைத்தாள். தன்னுடைய பழைய முகம்தான் இவர்களுக்கு நோயின் முகம், தன்னுடைய நோய்தான் இவர்களுக்கு முத்து ஃபேஷியல் என்று நினைத்துக்கொண்டாள்.

பாப்பாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் வரையப் பிரஷ்ஷை வைத்தாள். பிரஷ் அமுங்கியது. விரலால் தொட்டாள். தண்ணீர் கோத்தது போன்ற மெத்தென்ற வீக்கம். தினமும் காலையில் தன் முகத்தில் தடவிப் பார்க்கிற அதே வீக்கம்.

"அழுதியா பாப்பா?"

"இல்ல அத்தை. காலையில இப்படித்தான் இருக்கு. வாந்தி வேற வர்ற மாதிரி இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, வேற மாதிரி நெனச்சுப்பாங்க."

மையக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"என் டப்பாவைத் தொட்டியா?"

பாப்பா மொட்டைத் தலையோடு திருதிருவென்று விழித்தாள். பிறகு முறைத்தாள். "வைட்டமின்தானே? நீங்க மட்டும் வெளுத்துக்கிட்டே போவீங்க, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. நான் தினமுமா எடுத்தேன்? ஒருநாள் விட்டு ஒருநாள்தான்." முழங்கையை நீட்டினாள். "பாருங்க, எனக்கும் இங்க வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு."

அந்த முழங்கையைப் பார்த்ததும் மையக்கா ஈரத்துண்டுக் கூடையின்மேல் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள். காதோடு காதாகச் சொன்னாள். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணி முதலில் மகளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"வெளியில யாருக்காவது தெரியுமா?"

மையக்கா அவளையே பார்த்தாள். "அண்ணி, அவ சாப்பிட்டது புத்துநோய் மாத்திரை. நான் சாப்பிடாம விட்டதும் அதுதான். அவ நல்லா இருக்கற ரத்தத்தைக் கெடுத்துக்கிட்டா, என்னுது ஏறிக்கிட்டு இருக்கு. நீங்க யாருக்குத் தெரியும்னு கேக்கறீங்க."

"சத்தமா பேசாத மையி. உன் கால்ல விழறேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

திரைக்கு அந்தப் பக்கம் தலைவி ஒலிபெருக்கியில் உருகிக்கொண்டிருந்தாள். "கடவுள் புண்ணியத்துல நம்மள மாதிரி சுத்தமா இருக்கறவங்களுக்கு இதெல்லாம் வர்றதில்ல. ஆனா வந்தவங்களை நாம வெறுக்கக் கூடாது. முடி கொட்டி, கருத்து, எலும்பும் தோலுமா இருக்கற அவங்களும் மனுஷங்கதானே?" கைதட்டல். "இப்ப நம்ம பேஷன்ட் வர்றாங்க!"

பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மையக்கா வெளியே வந்தாள். பின்னால் அண்ணி திரையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். படக்காரரின் விளக்கு பளிச்சிட்டது. "பியூட்டிஷியனும் பக்கத்துல நில்லுங்க, நல்லாருக்கும்," என்றார். மையக்கா பாப்பாவின் தலையிலிருந்து ரப்பர் தொப்பியை உரித்து எடுத்தாள். முடி பொலபொலவென்று விழுந்தது. தலைவியின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம்.

"இவ பேஷன்ட் இல்ல. நான்தான் பேஷன்ட்."

யாரோ சிரித்தார்கள். நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கலாம்.

"எனக்கு ரத்தப் புத்துநோய். உங்க எல்லார் முகத்தையும் இந்தக் கையாலதான் தேச்சேன். அது தொத்தாது, பயப்படாதீங்க. எனக்கு முடி கொட்டல. நான் கருக்கல. வெளுத்தேன். அந்த வெளுப்பு முத்து ஃபேஷியல் இல்ல, மாத்திரை. அதைத்தான் நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டீங்க. இந்தப் பொண்ணு அதை வைட்டமின்னு நெனச்சுத் திருடித் தின்னிருக்கா. வைட்டமின்னு சொன்னது நாங்க."

மேடம் பின்னாலிருந்து மைக்கின் வயரைத் தேடிக்கொண்டிருந்தாள். மையக்கா அவசரமில்லாமல் பேசினாள்.

"எனக்கு ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு நெறஞ்சிடும். இடது பக்கம் விலாவுக்குக் கீழ கனமா இருக்கும். விடியக்காலையில வேர்த்துக் கொட்டும். ஒண்ணுமே செய்யாம இளைச்சேன். கேஸுன்னாங்க, நானும் நம்பினேன். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுது. அவ்வளவுதான். பலூன் வேணாம். போய் ரத்தத்தைக் குடுத்துப் பாருங்க."

மேடம் இழுத்ததில் வயர் அறுந்தது. அதன்பிறகு நடந்தவற்றில் எதுவும் அழகாக இல்லை. தலைவி கைதட்டினாள். கூடத் தட்ட யாரும் இல்லாததால் நிறுத்தினாள். முன்வரிசையில் ஒருத்தி, அன்று காலைதான் மையக்காவின் கையால் ஃபேஷியல் செய்துகொண்டவள், கைப்பையிலிருந்து காகிதத் துண்டை எடுத்துக் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். இன்னொருத்தி பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். எழுந்து போனவர்கள் சுவரோரமாக, மையக்காவின் மேல் படாமல் போனார்கள். பாப்பா தேம்பினாள். கருப்புப் பூச்சு கண்ணீரில் கரைந்து, பழுப்பு ஓடைகளாகக் கழுத்துவரை இறங்கியது.

கூட்டம் கலைந்தபின் காண்ட்ராக்டரின் மனைவி மட்டும் திரைப் பக்கமாக வந்தாள். மையக்காவின் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். இவ்வளவு பேரில் இவளுக்காவது தொட மனசு வந்ததே என்று மையக்கா நிமிர்ந்தாள்.

"பாவம்டி நீ," என்றாள் அவள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மாத்திரை பேரு என்ன?"

மறுநாளே பாப்பாவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். ரத்த அணுக்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. மாத்திரையை நிறுத்தினால் ஏறிவிடும் என்றார். சில வாரங்களில் ஏறின. மையக்காவின் அணுக்களும் வழிக்கு வந்தன. மாத்திரைகள் ஆஸ்பத்திரி அட்டையிலேயே, பெயர் தெரியும்படி, சாப்பாட்டு மேசையில் கிடந்தன. அண்ணி வழக்கம்போல முன்னதாக எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள், தட்டை வைத்தாள், ஆனால் பேசவில்லை. பாப்பாவைக் கேட்டு வருவதாக இருந்த ஓரிடத்திலிருந்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சேதி வந்திருந்தது.

மேடம் பலகையை எடுக்கவில்லை. "முகம்தானே இருக்கு, வியாதியா எழுதியிருக்கு?" என்றாள். வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. முகத்துக்குரியவளை மட்டும் திரைக்குப் பின்னால் அனுப்பினாள். கூடவே ஒரு பெட்டி ரப்பர் கையுறை. "எனக்கு ஒண்ணுமில்லப்பா. கஸ்டமருக்குத்தான் ஒரு மாதிரியா இருக்காம்."

விழாவில் நடந்தது டாக்டரம்மா காதுக்கும் எட்டியிருந்தது. அடுத்த பரிசோதனையின்போது அதிகம் புகழவில்லை. "பேசினீங்களாமே. சரியாத்தான் பேசியிருக்கீங்க," என்றதோடு சரி. பிறகு சொன்னார்: "புதுசா கண்டுபிடிக்கிறவங்க இங்க வந்து உக்காந்து நடுங்கறாங்க. நான் சொன்னா அவங்க காதுல ஏறல. உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொன்னா ஏறும். ஆஸ்பத்திரியிலேயே வேலை போட்டுத் தரேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் அன்று முதல்முறையாக நிமிர்ந்து பேசினார். "போயிடு மையி. அங்க உன்னை மனுஷியா மதிப்பாங்க." பாப்பாவும் அதையேதான் சொன்னாள். "அந்தக் கடையில இன்னும் ஒரு நாளு இருப்பீங்களா அத்தை? எனக்கு நெனச்சாலே உமட்டுது." மையக்காவுக்கும்தான் உமட்டியது. அதை அவள் மறைக்கவுமில்லை. அந்தப் பெண்களின் கன்னங்களை, எரிந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் அவர்களின் ஆசையை, காகிதத் துண்டால் தன்னைத் துடைத்தெறிந்த விரல்களை அவள் மன்னித்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை.

டாக்டரம்மாவிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, கூட்டமில்லாத முற்பகலில், காண்ட்ராக்டரின் மனைவி தலை அலச வந்தாள். வேறு ஆள் இல்லாததால் வேறு வழியில்லாமல் தொட்டியில் தலையைச் சாய்த்தாள்.

"ஏன்டி, ஆஸ்பத்திரியில பெரிய வேலை குடுத்தாங்களாமே?"

"குடுத்தாங்க."

"உக்காந்து பேசற வேலையாமே?"

"ஆமா."

"அதை விட்டுட்டு இங்க எங்க அழுக்கை அலசறியா? உனக்கென்ன பைத்தியமா?"

மையக்கா கையுறைகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குழாயைத் திறந்து, சூடு பார்த்து, அந்தத் தலையைத் தன் வெறும் கையில் தாங்கிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோங்கம்மா," என்றாள். "சாப்பிட்டதும் சீக்கிரமா வயிறு நெறஞ்சுபோற மாதிரி இருக்கா? இடது பக்கம், விலாவுக்குக் கீழ?"